மாப்பிள்ளை வந்திருக்கார்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அறிவு இருக்கா மாமான்னு கேட்டுட்டு டக்குனு போனை வெச்சிட்டீங்க. இல்லை மாப்பிள்ளை. அது மூணாங்கிளாஸோட நின்னுபோச்சு. இருந்திருந்தா உங்களுக்குப் பொண்ணு கொடுத்திருப்பேனா? இந்த வரியை எழுத மாட்டேன்னு உங்க வீட்டுக்காரி முறைக்கிறா. எனக்குக் கை நடுங்குது, அதனால நான் சொல்லச் சொல்ல அவதான் எழுதுறா. சொன்னதை எழுதும்மான்னு சொல்லிட்டேன்.

நீங்க போன நாட்டுல பிளாஸ்டிக் பையைத் தடை பண்ணிட்டாங்க, தெரு கண்ணாடி மாதிரி இருக்கு, நீங்க என்னடான்னா அங்கே உக்காந்து கொளுத்துறீங்கன்னு சத்தம் போட்டீங்க. சரி. கடைங்கள்ல மிச்சமிருந்த பையெல்லாம் எங்கே போச்சுன்னு யாரையாவது கேட்டீங்களா? எங்க பிளாஸ்டிக் பிரிக்கிற கொட்டகையிலதான் இருக்கு. ஒரு தக்காளி கூட உள்ளே போகாத புதுப்பை பாதி, அழுகின மீன் வாடையோட பழசு பாதி. பொதி மேல ‘மறுசுழற்சிக்கு’ன்னு அழகா ஒரு சீட்டு. கப்பல் ஏறிட்டாலே அங்கே மறுசுழற்சி ஆயிடுச்சுன்னு அர்த்தமாம். முதலாளி சொல்லிட்டு அவரே சிரிச்சுக்கிட்டார்.

எங்க அரைக்கிற மெஷின் பாட்டிலைத் தின்னும், வாளியைத் தின்னும். மெல்லிசுப் பையைப் போட்டா பல்லுல சுத்திக்கிட்டு நின்னுடும். அதான் குழியில போட்டுக் கொளுத்துறோம். அந்த மெல்லிசுக்கு இங்கே மாப்பிள்ளைன்னு பேர் வெச்சிருக்கோம். வேலைக்கும் ஆகாது, கிளம்பியும் போகாது, பிடிச்சு வெளியே தள்ளவும் முடியாது. கோவிச்சுக்காதீங்க. நீங்க கப்பல் ஏறின பிறகு வெச்ச பேர்தான்.

திங்கக்கிழமை லாரி வந்து நின்னுச்சு. பிரிக்கிற பொம்பளைங்களுக்குக் கேக்கட்டும்னு, மாப்பிள்ளை வந்திருக்கார்னு எப்பவும் போலக் கத்தினேன். கொட்டகைக்குப் பின்னாடி ரூம்ல இவ தலை சீவிக்கிட்டு இருந்திருக்கா. பாதிப் பின்னலோட, சீப்பு தலையிலேயே சொருகியிருக்க, செருப்பு கூடப் போடாம ஓடி வந்தா. நீங்க போய் மூணு வருஷமாச்சு இல்லையா. லாரி முன்னாடி நின்னு டிரைவர் சீட்டையே பார்த்தா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சிருக்கக் கூடாது.

அப்புறம்தான் பொதியில கட்டின கம்பியைத் தொட்டுப் பார்த்தா. இடது பக்கமா மூணு முறுக்கு, நுனியை உள்ளே மடக்கி விட்டிருந்தது. அப்படிக் கட்டுற இடக்கை இந்தக் கொட்டகையில ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு, உங்களுது. அதைத் திருத்துறேன்னு ரெண்டு வருஷம் நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கேன். அங்கே பெரிய கடையில சூப்பர்வைசர்னு சொன்னீங்களே மாப்பிள்ளை. பரவாயில்லை. அதுக்கு நான் சிரிக்கலை. நீங்க அங்கே கட்டுறீங்க, நான் இங்கே கொளுத்துறேன். நடுவுல கடல் இருக்கறதால ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிறோம், அவ்வளவுதான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நாளைக்கு அதிகாரிங்க வர்றாங்களாம். இன்னிக்கு நாலு மணிக்குள்ள அறுபது பொதிக்கும் நெருப்பு வெச்சாகணும், இல்லேன்னா ரூமைக் காலி பண்ணுங்கன்னு முதலாளி சொல்லிட்டார். இப்ப மணி மூணரை. காத்து நம்ம ரூம் பக்கம் அடிக்குது. போன தடவை காத்து இப்படி அடிச்சப்போ என்ன ஆச்சுன்னா

இனிமே என் கையெழுத்து. கோணலா இருக்கும், பொறுத்துக்கங்க. அவ பேனாவைக் கீழே வெச்சிட்டா. எதை எழுதக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாளோ அதைத்தான் சொல்ல வந்தேன்னு தெரிஞ்சுபோச்சு. என் மடியில இருந்த தீப்பெட்டியை உருவிக்கிட்டுக் குழிப் பக்கம் போறா.

போன மாசம் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன், அதான் போன் எடுக்கலைன்னு உங்ககிட்ட சொன்னா இல்லையா. சித்தி வீடு இல்லை, ஆஸ்பத்திரி. ரெண்டு நாள் மூக்குல குழாய். இன்னொரு தடவை இந்தப் புகை உள்ளே போனா என்னைக் கேக்காதீங்கன்னு டாக்டர் சொன்னார். அந்தப் புகை நான் வெச்ச நெருப்புல வந்தது. அதை நான் யார்கிட்ட சொல்றது.

குழிக்கிட்ட முதலாளி நிக்கிறார். இவ நேரா அவரைப் பார்த்துத்தான் நடக்கிறா. தீப்பெட்டியை அவர் மூஞ்சியில வீசப் போறாளா, ரூமுக்காகத் தானே கொளுத்தப் போறாளா, தெரியலை. அவ போய்ச் சேர்றதுக்குள்ள நான் போகணும். பயமா இருக்கு மாப்பிள்ளை. ஆனா இன்னிக்கு நான் வைக்க மாட்டேன். ரூம் போனா போகட்டும், எனக்கு எங்கேயும் தூக்கம் வரும்.

நீங்க நோய் நொடி இல்லாம, அந்த நல்ல காத்துல நூறு வருஷம் இருக்கணும். அதுல இவளுக்கும் சீக்கிரமா ஒரு ஓரம் பார்த்து வைங்க.

மாமனார்