மஞ்சள் டேப்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே இருவரும் நலம். நீயும் உன் பட்டறையும் நன்றாக இருக்க வேண்டும். போனில் காரைப் பற்றி இனி ஒரு வார்த்தையும் கேட்காதே. உன் மாமா பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசவிடுகிறார். அதனால்தான் கடிதம். எதிர்வீட்டு டீச்சர் தபாலில் சேர்த்துவிடுவார்.

டீச்சர் பேருக்கு நீ அனுப்பிய, ஆயில் பிரஷர் காட்டும் கேஜ் வந்தது. அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் இவர் கைபடாத இடம் அது ஒன்றுதான்.

ஆயில் லைட் எரிய ஆரம்பித்ததிலிருந்து நான் காரை எடுக்கவில்லை. இந்தக் குடியிருப்புக்கு பஸ்ஸும் கிடையாது. மருந்துக்கடையில் என் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்தாயிற்று. மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றால், "அவனுங்க வந்தா தலையில மொளகா அரைச்சுடுவானுங்க, நானே பாத்துக்கறேன்" என்பார். இவரே ஆயில் மாற்றினார், ஃபில்டர் மாற்றினார். லைட் அணையவில்லை. "ஓட்டினா இஞ்சின் பிடிச்சுக்கும், நடுரோட்டுல நிப்பே" என்று சொல்லிவிட்டார். கோபமாகக்கூட இல்லை. என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். சாவி இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. அதை ஒளித்துவைக்கும் அவசியமே இவருக்கு இல்லை.

நேற்று இவர் வேலைக்குப் போனதும் பானெட்டைத் திறந்தேன். ஆயில் குச்சியில் அளவு சரியாக இருந்தது. பிரஷர் ஸ்விட்சின் ஒயரைக் கழற்றினால் லைட் அணைய வேண்டும், அணையாவிட்டால் ஒயர் எங்கேயோ பாடியில் தொடுகிறது என்று எழுதியிருந்தாயே. கழற்றினேன். அணையவில்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! கோளாறு இஞ்சினில் இல்லை, ஏதோ ஒயர் உரசல் என்று துள்ளினேன்.

ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனேன். பேட்டரிக்குப் பின்னால் அதன் தோலை பிளேடால் சீவி, ஒரு செம்புக் கம்பியைச் சுற்றி, மறுமுனையை பாடி போல்ட்டில் முறுக்கியிருந்தது. எலி கடித்ததாக இருக்கக்கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. எலி டேப் சுற்றாது, தம்பி. மஞ்சள் டேப், ஓரம் பிசிறாமல். என் இஸ்திரிப்பெட்டி ஒயருக்கு இவர் சுற்றித் தந்தாரே, அதே டேப், அதே நேர்த்தி.

பம்பர்மேல் உட்கார்ந்து அழுதேன். இவர் என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. அடித்திருந்தால் உங்களிடம் சொல்ல ஒரு வார்த்தையாவது இருந்திருக்கும்.

கம்பியைப் பிரித்ததும் லைட் அணைந்தது. லைட்டை நம்பாதே, கேஜை நம்பு என்றாய். ஸ்விட்சைக் கழற்றி அந்த இடத்தில் கேஜை மாட்டினேன். இஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் முள் இரண்டுக்குக் கீழே இறங்கவில்லை. ஒன்று இருந்தாலே போதும் என்று நீ எழுதியிருந்தாய்.

பிறகு எல்லாவற்றையும் பழையபடி மாட்டி, டேப்பையும் அதே மடிப்பில் சுற்றிவிட்டேன். சாயங்காலம் வந்ததும், "லைட்டு இன்னும் எரியுதா?" என்று கேட்டார். எரிகிறது என்றேன். உச்சுக்கொட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நகத்தில் ஒட்டியிருந்த ஆயில் கறை தெரியாமல் விரலை மடக்கிக்கொண்டு பரிமாறினேன். கவனித்தாரா என்று தெரியவில்லை.

அம்மாவிடம் இப்போதைக்கு எதையும் சொல்லாதே. பதிலும் எழுத வேண்டாம். அந்த டேப்பை எப்படிப் பிரிப்பது என்று எனக்கு இப்போது தெரியும். நீ மட்டும் இந்த வாரம் எங்கேயும் வெளியூர் போய்விடாதே. மகராசனாக இரு, கண்ணு. பட்டறை வாசலில் ஒரு கார் நிற்க இடம் விட்டு வை.

உன்னை நம்பியிருக்கும்,
அக்கா