எடை மேடையில் நிற்காத வண்டி

அன்பு மகள் சின்னுவுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். அம்மாவின் கை மாவுக்கட்டில் இருக்கும்போது அப்படி எழுத மனம் வரவில்லை. எலும்பு நேராகக் கூடி வருகிறது என்று டாக்டர் சொன்னார். சமையல் இப்போது என் பொறுப்பு. உப்பு கூடினாலும் குறைந்தாலும் அவள் ஒன்றும் சொல்வதில்லை. வாய் திறந்து திட்டினால்கூடத் தேவலை.

இதைப் போனில் பேசியிருக்கலாம். உன் குரலைக் கேட்டதும் சமையலைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுகிறேன்.

உன் பேக்கரிக்கு ஓவனை நானே கொண்டு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவன் நான். லாரி பேசிக்கொள்கிறேன் என்றாய் நீ. பஸ் ஓட்டியே தலை நரைத்தவனுக்குக் காருக்குப் பின்னால் ஒரு ட்ரெய்லரை மாட்டி இழுக்கத் தெரியாதா என்று கேட்டேன். நம் கார் ஆயிரம் கிலோவுக்கு மேல் இழுக்காது, ட்ரெய்லரின் சொந்த எடையும் அதில் சேர்த்தி, காருக்குள் ஏறும் ஆட்களுக்கும் சாமானுக்கும் வேறு ஒரு வரம்பு உண்டு என்று பொறுமையாகச் சொன்னாய். ம் கொட்டினேன். ஓவனின் எடையை மட்டும் பார்த்துவிட்டு, இடம் மிச்சம் இருக்கிறதே என்று மாவு பிசையும் மெஷினையும் ஏற்றினேன். நீ ஆச்சரியப்பட வேண்டும் என்று மாவு மூட்டைகளும் வாங்கிப் போட்டேன். இறக்கச் சுலபம் என்று ஓவனைக் கடைசியில், கதவோரமாக வைத்தேன். பாரம் பின்பக்கம் போனால் ட்ரெய்லர் வாலாட்டும் என்பது அப்போது உறைக்கவில்லை.

ஊர் தாண்டியதும் வண்டிகளை நிறுத்துப் பார்க்கும் எடை மேடை வந்தது. ஒரு நிமிஷம் நிறுத்திப் பார்த்துவிடலாமே என்றாள் பக்கத்தில் இருந்த அம்மா. அதெல்லாம் லாரிக்காரர்களுக்கு என்று சொல்லி ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன்.

மலை இறக்கத்தில் ட்ரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கியது. பதறிப்போய் பிரேக்கை அழுத்தினேன். பின்னால் இருந்த பாரம் காரையே தள்ளிக்கொண்டு போய்த் தடுப்புச் சுவரில் மோதவைத்தது. ட்ரெய்லர் கதவு பிய்ந்து ஓவன் நடுச்சாலையில் விழுந்தது. எதிரே வந்த பள்ளி வேனை அதன் டிரைவர் எப்படித்தான் ஒடித்துத் திருப்பினாரோ. பிள்ளைகள் ஜன்னல் வழியாக என்னையே பார்த்தார்கள்.

யார் எடைக் கணக்குப் பார்த்தது என்று போலீஸ்காரர் கேட்டார். கூட்டத்தில் யாரோ, நம்ம டிரைவர் அண்ணனாச்சே என்றார்கள். என் வாயிலிருந்து வந்தது உனக்குத் தெரியும். மகள் போட்ட கணக்கு, ஓட்டியது மட்டும்தான் நான் என்றேன். மணிக்கட்டைப் பிடித்தபடி கல்லில் உட்கார்ந்திருந்த அம்மா தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தாள்.

போலீஸ்காரர் உடனே உனக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். எந்தக் கணக்கு சார் என்றுதான் முதலில் கேட்டாய். நான் சொன்னதை அவர் சொன்னதும், ஆமாம் சார், கணக்கு என்னுடையதுதான், தப்பும் என்னுடையதுதான், அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்டாய். உன்மேல் பழியைப் போட்டபோதுகூட எனக்கு அவ்வளவு கூசவில்லை சின்னு. நீ அதைத் தூக்கிக்கொண்டபோதுதான் கூசிப்போனேன்.

நேற்று ஸ்டேஷனுக்குப் போய் வாக்குமூலத்தை மாற்றி எழுதிக் கொடுத்தேன். பொண்ணு பேசும்போதே தெரிஞ்சுபோச்சு பெரியவரே என்றார் போலீஸ்காரர். லைசென்ஸ் போனாலும் போகலாமாம். போகட்டும். வேன் டிரைவரையும் தேடிப் போய்ப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தார்.

ஓவனுக்குக் கதவு மட்டும்தான் நசுங்கியிருக்கிறது. சரிசெய்து லாரியில் அனுப்புகிறேன்.

கடைத் திறப்புக்கு அம்மாவுக்கும் உன் சித்திக்கும் டிக்கெட் எடுத்துவிட்டேன். எனக்கு இன்னும் எடுக்கவில்லை. வாங்க என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் வந்து ஓரமாக நின்றுகொள்வேன். சொல்லாவிட்டாலும் உன் கடை நிறைய ஜனம் வரட்டும், உன் கை வேலை ஊரெல்லாம் பேசப்படட்டும். வேளைக்குச் சாப்பிடம்மா.

இப்படிக்கு,
உன் அப்பா