நடுவுல ரெண்டு வரிசை ஏன் இறுகிப்போச்சுன்னா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுறேன். நீ உடம்புக்கு ஒண்ணும் வராம, நேரத்துக்கு சாப்பிட்டு, அந்தக் குளிர்ல காலுறையை மறக்காமப் போட்டுக்கிட்டு நல்லா இருக்கணும். இங்க நாங்களும் நல்லா இருக்கோம்னு இந்த இடத்துல ஒரு வரி எழுதுறது வழக்கம், அந்த வரியை இந்தத் தடவை எழுதாம தாண்டிப் போறேன், ஏன்னு பின்னால சொல்றேன், அதுக்குள்ள பதறாதே. வாரத்துக்கு ரெண்டு தடவை போன்ல பேசிக்கிறோம், அப்புறம் எதுக்கும்மா கடுதாசின்னு கேப்பே. வீடு ரெண்டே ரூம், இந்த ரூம்ல இருமினா அந்த ரூம்ல கேக்கும், காகிதம்தான் சத்தம் போடாது. அப்பா மத்தியானத் தூக்கத்துல இருக்கார், எந்திரிக்க ஒரு மணி நேரமாவது ஆகும், அதுக்குள்ள எழுதி ஒட்டிடணும்.

முதல்ல சாதாரண சேதி. புதன்கிழமை குரோஷா பின்னல் வகுப்பு நடந்துக்கிட்டுதான் இருக்கு. ஆறு பேர் வர்றாங்க, எல்லாரும் வீட்டு வேலையை அரைகுறையா முடிச்சிட்டு அரக்கப் பரக்க ஓடி வர்றவங்க. சுலபமா, ஒரு மணி நேரத்துல முடியுற மாதிரி ஏதாவது சொல்லிக் குடுங்கக்கான்னு கேட்டாங்க, சரின்னு டம்ளர் வைக்கிற வட்டம், கைத்துண்டுக்கு ஓரம், பழைய பனியனை நாடா நாடாவாக் கிழிச்சு மார்க்கெட் பைன்னு ஆரம்பிச்சேன். மாடி வீட்டு அவசரம் இருக்காளே, நீ வச்ச பேருதான், அவ வட்டம் பின்னினா அது தொப்பி மாதிரி நிமிந்து நிக்குது. சுத்துக்குச் சுத்து கண்ணியைக் கூட்டணும்டின்னு தொண்டை வத்தச் சொல்லியாச்சு, கூட்டினா நேரம் ஆகுதுக்காங்கிறா. போன வாரம் அந்தத் தொப்பியைக் கவுத்து சர்க்கரை டப்பாவுக்கு மூடியாப் போட்டுட்டு, இதுக்காகத்தான் பின்னினேன்னு சாதிக்கிறா. சிரிச்சு வயிறு வலிச்சுது. ஆனா ஒண்ணு, எல்லாருக்கும் ஆரம்பிக்கத்தான் ஆசை. பின்னி முடிச்சதும் தொங்குற நூல் முனையை ஊசியில கோத்து உள்ளே இழுத்து மறைக்கணுமே, அதுக்கு ஒருத்திக்கும் பொறுமை கிடையாது. நீங்களே முடிச்சு வைங்கக்கா, அடுத்த வாரம் எடுத்துக்கிறேன்னு என் கூடையில போட்டுட்டுப் போயிடுறாங்க. முன்னெல்லாம் டீ குடிச்சுக்கிட்டே அத்தனையையும் முடிச்சுடுவேன். இப்ப கூடை நிறைஞ்சு வழியுது, அதைப் பார்த்தாலே எனக்கு ஆயாசமா வருது. நேத்து ஒரு துண்டை எடுத்து மடியில வச்சவ, ஊசியில நூல்கூடக் கோக்காம அப்படியே உக்காந்திருந்தேன், டீ ஆறிப்போச்சு.

இப்ப உன் போர்வைக்கு வர்றேன். பார்சல் பிரிச்ச அன்னைக்கு கட்டில்ல விரிச்சு போட்டோ அனுப்பினே. அம்மா ரொம்ப அழகா இருக்கு, ஆனா நடுவுல யாரோ பெல்ட் போட்டு இறுக்கின மாதிரி இருக்கேன்னு சிரிச்சே. அது வேற கடை நூலு, நூல் சரியில்லைன்னு சொன்னேன். பொய். எல்லாம் ஒரே கடை, ஒரே பெட்டியில இருந்து எடுத்த நூல்தான். எட்டு வரிசை, வரிசைக்கு ஆறு சதுரம், நாப்பத்தெட்டுலயும் கண்ணி எண்ணிப் பாரு, ஒண்ணுகூடக் குறையாது. ஆனா நாலாவது வரிசையும் அஞ்சாவது வரிசையும் விரற்கடை சின்னதா இருக்கும். பயந்துக்கிட்டே பின்னினா கை இறுகும், கை இறுகினா அதே கணக்குக்கு சதுரம் சுருங்கிப்போயிடும். வகுப்புல முதல் நாள் நான் சொல்ற பாடமே அதுதான், மனசு சரியில்லாத அன்னைக்கு ஊசியைத் தொடாதீங்கடி, நூலு காட்டிக் குடுத்துடும்னு. பாடம் எடுத்தவளே மாட்டிக்கிட்டேன் பாரு. எல்லாச் சதுரத்தையும் முடிச்சு, கலைச்சுப் போட்டு இணைச்சிருந்தா தெரிஞ்சே இருக்காது. நான் என் புத்தியில ஆறு ஆறா அப்பப்ப இணைச்சுக்கிட்டே வந்தேன், அதனால நடந்தது எல்லாம் நடந்த வரிசையிலேயே இருக்கு. மிச்ச மூணு வரிசைக்கு ஒரு நம்பர் பெரிய ஊசியா எடுத்து அளவை ஒப்பேத்தினேன். சின்னதாப் போன ரெண்டையும் பிரிச்சுத் திரும்பப் போட்டிருக்கலாம், தெம்பு இல்லை, பார்சல் தள்ளிப்போனா நீ துருவித் துருவிக் கேப்பேன்னு பயம் வேற. அந்தப் பன்னெண்டு சதுரமும் ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சுல உக்காந்து பின்னினது.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துடுச்சு பாப்பா. ஒன்பது வாரம் ஆச்சு. நம்ம பூட்டு சாவிக் கடையில மாத்துச் சாவி அறுத்துக்கிட்டு இருந்திருக்கார், கையில இருந்த சாவி நழுவிக் கீழ விழுந்திருக்கு, அதை எடுக்கக் குனிஞ்சவர் எந்திரிக்கலை. பக்கத்துல செருப்புத் தைக்கிறவர்தான் வண்டி பிடிச்சுக் கொண்டுபோனார், அவர் நல்லா இருக்கணும். பன்னெண்டு நாள் ஆஸ்பத்திரி, நாளுக்கு ஒரு சதுரம். உயிருக்குப் பயமில்லைன்னு டாக்டர் வாயில இருந்து வர ஆறு நாள் ஆச்சு. வலது கையும் காலும் விழுந்துபோச்சு, பேச்சு குழறுது. பேச வந்ததும் என் கையை இடது கையால பிடிச்சுக்கிட்டு அவர் சொன்ன முதல் பேச்சு, அவகிட்ட சொல்லாதே, ஆறு மாசம் முடிஞ்சு அவ வேலை நிரந்தரம் ஆகட்டும், இப்ப சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவான்னு. நானும் தலையை ஆட்டிட்டேன். அதான் நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா குளிச்சிக்கிட்டு இருந்தார். ஏம்மா, அப்பா மனுஷனா மீனான்னு ஒரு நாள் கேட்டே பாரு, அவரும் பக்கத்துல படுத்துக்கிட்டு அதைக் கேட்டார், கேட்டுட்டு ஒரு பக்கமா சிரிச்சார். நான் போனை வச்சிட்டு அடுப்படிக்குப் போயி குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். உனக்கு என்மேல கோபம் வரும், வரட்டும், திட்டணும்னா திட்டு. நான் உன் இடத்துல இருந்தா என்னை மன்னிச்சிருக்க மாட்டேன்.

இப்ப பரவாயில்லை, கம்பை ஊணிக்கிட்டு பாத்ரூம் வரைக்கும் போறார், நான் பின்னாலயே போறேன். ஊருக்கெல்லாம் பூட்டைத் திறந்துவிட்டேன், என் சட்டைப் பட்டனை என்னால திறக்க முடியலை பாருடின்னு அவரே கேலி பண்ணிக்கிறார், சில நாள் அதே பட்டனுக்காக என்மேல எரிஞ்சும் விழறார். உடற்பயிற்சி சொல்லிக் குடுக்கிற பொண்ணு ஒரு ரப்பர் பந்தைக் குடுத்து அமுக்கச் சொன்னா, நான் என்ன கைக்குழந்தையான்னு அதைக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டார். ஒரு புதன்கிழமை மூலையில நாற்காலி போட்டு வகுப்பை வேடிக்கை பார்த்துக்கிட்டு இருந்தவர், எனக்கும் ஒரு ஊசி குடுன்னார். இருக்கிறதுலயே தடிமன் ஊசியா எடுத்து, பிடிக்க வசதியா பஞ்சும் துணியும் சுத்தி, வலது கையில வச்சேன். வெறும் சங்கிலிப் பின்னல், வகுப்புல முதல் நாள் போடுறது. அன்னைக்கு நாலு கண்ணி போட ஒரு மணி நேரம். அவசரம் தன் தொப்பியைக் கீழ வச்சுட்டு, அண்ணே நீங்க என்னைவிட நிதானம்னு சொன்னா, ஒன்பது வாரத்துல அன்னைக்குத்தான் அவர் முகத்துல பழைய முகத்தைப் பார்த்தேன். இப்ப அந்தச் சங்கிலி கட்டில்ல இருந்து வாசக்கதவு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வர்ற நீளம் இருக்கு. ஒரு கண்ணி யானை, ஒரு கண்ணி எறும்பு, பார்க்கச் சகிக்காது. முந்தாநாள் அதைச் சுருட்டி என்கிட்ட குடுத்து, இதை அவளுக்கு அனுப்பு, போர்வைக்கு ஓரமா வச்சுத் தைச்சுக்கட்டும், நீ பின்னினதுன்னு சொல்லிடுன்னார். இதுக்கும் ஒரு பொய்யா பாப்பா? தூக்கி உக்கார வைக்கிறது, துடைச்சுவிடுறது, படி ஏறி இறங்குறது, இதெல்லாம் செஞ்சு உடம்பு அசந்து போகுது, படுத்தா சரியாயிடுது. உன்கிட்ட பொய் சொன்ன அசதி படுத்தாலும் போக மாட்டேங்குது. அதனால சொல்லிட்டேன், கவருக்குள்ள இருக்கிற நீலச் சங்கிலி அப்பா பின்னினது, வலது கையால.

நீ அங்க போன நாள்ல இருந்து உன்னை வான்னு நான் கூப்பிட்டதில்லை. நீயே வர்றேன்னு சொன்னாலும் வேலையைப் பாரு, அலையாதேன்னு முந்திக்கிட்டுச் சொல்றவ நான். இப்பக் கூப்பிடுறேன். வா. ஒரு பத்து நாள் இருந்துட்டுப் போ. வேலையை விட்டுட்டு வராதே, அதை அவர் தாங்கமாட்டார். லீவு கேளு, இப்ப இல்லைன்னா எப்பக் குடுப்பாங்கன்னு கேட்டு எனக்கு ஒரு தேதி சொல்லு, தேதி இருந்தா அதுவரைக்கும் நான் ஓட்டிடுவேன். வரும்போது போர்வையை எடுத்துக்கிட்டு வா, அந்த ரெண்டு வரிசையையும் பிரிச்சுப் போடணும். பழைய ஊசியை வச்சுத் தினமும் ஒரு சதுரம் பின்னிப் பார்க்கிறேன், இன்னும் சின்னதாத்தான் வருது. நீ பக்கத்துல உக்காந்து எதையாவது வளவளன்னு பேசிக்கிட்டு இருந்தா கை தளரும்னு நினைக்கிறேன்.

எந்தக் குறையும் இல்லாம, நோய் நொடி இல்லாம, தொட்டதெல்லாம் துலங்கி நீ நீண்ட நாள் வாழணும் பாப்பா. போர்வையைச் சுடுதண்ணியில முக்கிடாதே, பச்சைத் தண்ணியில அலசிப் பரப்பிக் காயப்போடு, தொங்கவிட்டா இழுத்துக்கும். இதைத் தபால்ல போட்டுட்டு வந்து, உன்கிட்ட சொல்லிட்டேன்னு அவர்கிட்டயும் சொல்லிடப் போறேன், ரெண்டு நாள் பேசாம இருப்பார், இருந்துட்டுப் போகட்டும். இது கைக்கு வந்ததும் அழுது முடிச்சிட்டு, முகத்தைக் கழுவிட்டு போன் பண்ணு. அப்பாவுக்குப் பேச்சு மெதுவாத்தான் வரும், நடுவுல புகுந்து நீ முடிச்சு வைக்காதே, அவரே முடிக்கட்டும். எடுத்த எடுப்புல உடம்பைப் பத்திக் கேக்காதே, சங்கிலியைப் பத்திக் கேளு. இனிமே நீ கூப்பிடும்போது அப்பா குளிச்சிக்கிட்டு இருக்க மாட்டார்.

இப்படிக்கு
உன் அம்மா