படகில் சாய்ந்து கேட்ட கச்சேரி

சேலையூர்,
திங்கட்கிழமை காலை.

அன்புள்ள பிரிட்டோவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கு இருவரும் நலம். நலம் என்ற சொல்லை இம்முறை வழக்கத்துக்காக எழுதவில்லை. உன் அம்மாவின் முழங்கால்களும் என் இதயமும் ஒழுங்காக இயங்கிக்கொண்டிருக்கின்றன என்பதை, அவற்றைப் பற்றி நீ பிறரிடம் சொன்னதற்கு மறுப்பாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை இரவிலிருந்து நீ அழைத்துக்கொண்டிருக்கிறாய். நான் எடுக்கவில்லை. எடுத்தால் என் குரல் உயரும். உயர்ந்தால் "அப்பா, டென்ஷன் ஆகாதீங்க, பிபி ஏறிடும்" என்பாய். பேச வேண்டிய விஷயம் போய், என் ரத்த அழுத்தம் பேச்சாகிவிடும். வாழ்நாள் முழுதும் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவனுக்கு ஒன்றை வரிசையாகச் சொல்லத் தெரியும். ஆகவே எழுதுகிறேன். இறுதிவரை படி. நடுவில் தொலைபேசியைத் தொடாதே.

முட்டுக்காட்டுக்கு அப்பால் கடலோர மைதானத்தில் நடக்கும் இசை விழாவுக்கு நாங்கள் போவது இது நான்காவது ஆண்டு. எங்கள் புகைப்படங்களைப் பார்த்து உன் நண்பர்கள் சிரித்ததும் எனக்குத் தெரியும். அதில் எனக்கு வருத்தமில்லை. அஸ்தினாபுரத்திலிருந்து நண்பர் வெற்றிவேலும் அவர் மனைவி ஜெயஸ்ரீயும் காரில் வந்து எங்களை ஏற்றிக்கொள்வார்கள். மேடவாக்கம் தாண்டுவதற்குள் ஜெயஸ்ரீயின் எலுமிச்சை சாதம் பாதி காலியாகிவிடும். மைதானத்தில் நாற்காலி கிடையாது. மேடைக்கு இடப்பக்கம், தரையில் அடுக்கியிருக்கும் பெரிய ஒலிபெருக்கிகளுக்குப் பக்கத்தில் நிற்போம். சுற்றிலும் உன்னைவிடச் சின்னப் பிள்ளைகள். முதல் ஆண்டு ஒருவன் என்னிடம் வந்து, "அங்கிள், பையன தேடி வந்தீங்களா?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா, "ஆமாம்ப்பா, அவன் டப்ளின்ல இருக்கான், நாங்க இங்க தேடிட்டிருக்கோம்" என்றாள். சென்ற ஆண்டு அதே பையன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு, "ஆன்ட்டிக்கு வழி விடு மச்சான், அது அவங்க ஸ்பாட்டு" என்று இடம் பிடித்துக் கொடுத்தான்.

அந்த இசையில் பாதிக்கு மேல் எனக்கு இன்றும் பிடிக்காது. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் நிற்பேன். ஆனால் நிற்பேன். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த ஆண்டு டிக்கெட் உன் பொறுப்பு என்றாய். வெற்றிவேல் மட்டும், "சார், எப்பவும் நாலு பேருக்கும் சேர்த்துதானே போடுவோம்" என்று இழுத்தார். "என் பையன் ஆசைப்படறான் சார்" என்று பெருமையாகச் சொன்னவன் நான்தான்.

சனிக்கிழமை மாலை நுழைவாயிலில் ஜோசலின் என்றொரு பெண், விழாத் தன்னார்வலர், எங்கள் இருவர் பெயரையும் எழுதிய அட்டையோடு நின்றாள். பக்கத்தில் இரண்டு சக்கர நாற்காலிகள். எனக்கு வயது ஐம்பத்தேழு. உன் அம்மாவுக்கு ஐம்பத்துநான்கு. அன்று காலைதான் அவள் பரங்கிமலைப் படிகளில் ஏறித் திருப்பலி கண்டுவிட்டு வந்திருந்தாள். "அங்கிள், ப்ளீஸ் உக்காருங்க அங்கிள். இது என் டூட்டி" என்று அந்தப் பெண் கெஞ்சினாள். நாங்கள் உட்காரவில்லை. அவள் இரண்டு காலி நாற்காலிகளையும் தள்ளிக்கொண்டு முன்னால் போக, நாங்கள் பின்னால் நடந்தோம். அவற்றில் இருந்தவர்கள் வழியில் எங்கே விழுந்துவிட்டார்கள் என்று பார்த்தவர்கள் தேடியிருப்பார்கள்.

எல்லோருக்கும் பச்சைக் கைப்பட்டை, எங்களுக்கு ஊதா. ஊதா என்றால் முதியோர், நோயாளிகள் பந்தல். மைதானத்தின் கடைக்கோடியில், ஆம்புலன்ஸுக்கும் கழிப்பறைகளுக்கும் நடுவே அதைப் போட்டிருந்தார்கள். கடற்காற்று படாமல் மூன்று பக்கமும் பிளாஸ்டிக் திரை. மெத்தை நாற்காலி, சால்வை, சூடான ராகிக் கஞ்சி, எதிரே மேடையைக் காட்ட ஒரு தொலைக்காட்சி. உன் நல்லெண்ணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பெரியவர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அங்கே செய்யக்கூடிய ஒரே காரியத்தை அவர் செய்தார்.

தொலைக்காட்சியில் ஒரு பெண் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள். உன் அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "மைக் டெஸ்ட் பண்றாங்களா? எப்பதாங்க ஆரம்பிப்பாங்க?" என்று கேட்டாள்.

கச்சேரி ஆரம்பித்து மூன்று பாட்டு முடிந்திருந்தது.

இரண்டு ஆண்டுகளாக உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவள் எனக்குப் போட்டிருந்த தடையை நேற்று எடுத்துவிட்டாள். "சொல்லிடுங்க. ஆனா ரொம்ப திட்டாதீங்க" என்றாள். முதல் பாதியை நிறைவேற்றுகிறேன்.

உன் அம்மாவுக்கு வலது காது போய்விட்டது. இடது காது போய்க்கொண்டிருக்கிறது. மேல் ஸ்தாயி ஒலிகள் முதலில் போயின: பறவைகள், அழைப்பு மணி, பெண்களின் குரல். எஞ்சியிருப்பது கீழ் ஸ்தாயி மட்டும். தொண்டை சரியில்லை என்று அவள் கோவில் பாடற்குழுவிலிருந்து நின்றாளே, தொண்டையில் ஒன்றுமில்லை. பக்கத்தில் பாடுகிறவர்கள் அவளுக்குக் கேட்கவில்லை. நீ அழைக்கும்போதெல்லாம், "சாப்ட்டியா கண்ணா? சரி, அப்பாகிட்ட குடுக்கறேன்" என்று போனை நீட்டிவிடுகிறாளே, அம்மாவுக்கு உன்னோடு பேசவே பிடிப்பதில்லை என்று நீ சென்ற கிறிஸ்துமஸ் அன்று என்னிடம் குறைப்பட்டாயே, அதன் காரணமும் இதுதான்.

காதுக்கருவி வைத்திருக்கிறாள். குக்கர் விசிலும் ஆட்டோ ஹாரனும் அதில் அருமையாகக் கேட்கின்றன. பாட்டு மட்டும் தகர டப்பாவுக்குள் போட்ட கூழாங்கல் மாதிரி இருக்கிறதாம். அறுவை சிகிச்சை பற்றி நீ கேட்பாய். டாக்டர் சொல்லியிருக்கிறார். அதைச் செய்வதா, எப்போது என்பதை அவள் முடிவு செய்வாள். நீயோ நானோ அல்ல.

முதல் ஆண்டு அந்த விழாவுக்கு வெற்றிவேல் வற்புறுத்தித்தான் போனோம். அப்போதே பாட்டு அவளுக்கு மங்கத் தொடங்கியிருந்தது, என்னிடம்கூடச் சொல்லவில்லை. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் போய் நின்றவள், சட்டென்று நெஞ்சில் கை வைத்தாள். "இங்க கேக்குதுங்க" என்றாள். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். தரை வழியாகக் காலில் ஏறுகிறது, விலா எலும்பில் அதிர்கிறது, முழுப் பாட்டையும் உள்ளே அவளே கட்டிக்கொள்கிறாள். அரங்கத்தில் இது நடக்காது, வீட்டில் நடக்காது. திறந்தவெளியில், அந்த ராட்சத ஒலிபெருக்கிகளுக்கு முன்னால்தான் நடக்கும். அவ்வளவு சத்தம் ஆகாது என்று டாக்டர் எச்சரித்தார். ஆண்டுக்கு இரண்டே மாலைகள் என்று நான் வாதாடினேன். அவள் வாதாடவில்லை. "மிச்சம் இருக்கறத பூட்டி வச்சி யாருக்கு குடுக்கப் போறேன் டாக்டர்?" என்று மட்டும் கேட்டாள். 

காது விஷயம் உனக்குத் தெரியாது. அதற்காக உன்னைக் குற்றம் சொல்ல மாட்டேன். என் குற்றச்சாட்டு வேறு.

கைப்பட்டையை மாற்றித் தரச் சொல்லி மேற்பார்வையாளரிடம் போனேன். மரியாதையாகத்தான் பேசினார். "சார், உங்க சன் ரெண்டு பேருக்கும் மெடிக்கல் ப்ராப்ளம்னு சொல்லியிருக்காரு. உங்களுக்கு ஹார்ட்ல ஸ்டென்ட், மேடத்துக்கு முட்டி வலி. கூட்டத்துல விட்டு எதுனா ஆச்சுன்னா யாரு சார் பதில் சொல்றது? அவரையே கேட்டுடறேன்" என்று உனக்கு அழைத்தார், எனக்கும் கேட்கும்படி போனில் ஸ்பீக்கரைப் போட்டு. நீ உடனே எடுத்தாய். நீ சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்: "ப்ளீஸ், அவங்கள உள்ள விடாதீங்க. அப்பா அடம் பிடிப்பாரு. ஏதாவது பேசி உக்கார வைங்க."

நான் ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அப்பா பக்கத்தில் இருக்கிறாரா, போனைக் கொடுங்கள் என்று நீ கேட்கவில்லை. இரண்டாயிரம் மாணவர்களுக்காவது பாடம் சொல்லியிருப்பேன்; அவர்களில் ஒருவனும் என்னைப் பற்றி அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. குழந்தை அடம் பிடிக்கும். வீட்டு நாய் அடம் பிடிக்கும். நான் கொண்டிருந்தது கருத்து.

நான் கத்தவில்லை. ஜோசலினிடம் கத்தரிக்கோல் கேட்டேன். "அங்கிள், இத கட் பண்ணிட்டா திரும்ப உள்ள வர முடியாது" என்றாள். "தெரியும்மா. உன் மேல தப்பில்ல" என்று கையை நீட்டினேன். உன் அம்மாவும் நீட்டினாள். வெளியே டிக்கெட் தீர்ந்துவிட்டது என்றார்கள். வெற்றிவேலும் ஜெயஸ்ரீயும் உள்ளே, போன் கிடைக்கவில்லை. கார் சாவி அவரிடம். சுவரை ஒட்டிக் கடற்கரைக்கு நடந்தோம்.

மேடையின் முதுகுப்பக்கம் மீனவர் குப்பம். மணலில் பைபர் படகுகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நடந்து வந்த உன் அம்மா, களைத்து ஒரு படகின் மேல் சாய்ந்தாள். தீயைத் தொட்டவள் போல விலகினாள். படகைப் பார்த்தாள். மறுபடி முதுகை முழுக்க அதில் ஒட்டிக்கொண்டு சாய்ந்தாள். பிறகு என் கையை இழுத்துப் படகின் மேல் வைத்து, எடுக்க விடாமல் மேலே தன் கையை வைத்துக்கொண்டாள்.

கீழ் ஸ்தாயிக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, பிரிட்டோ. எல்லாத் திசையிலும் பரவும். அந்தப் படகின் மெல்லிய ஓடு அதை வாங்கி முரசு மாதிரி அதிர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு அடியும் உள்ளங்கையில் வந்து விழுந்தது. முப்பது ஆண்டு ஒலியியல் நடத்தியவன், முதன்முறையாகக் கையால் கேட்டேன்.

படகுக்காரி வந்துவிட்டார். கன்னியம்மா என்று பெயர். "யாருங்க நீங்க? எங்க படகாண்ட இன்னா ஒட்டிகினு கீறீங்க?" என்று அதட்டினார். நான் விளக்கினேன். அவர் தாமும் படகைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "நேத்துலேர்ந்து இந்த டமாரத்தால எங்க வூட்டு சட்டிபானையெல்லாம் ஆடிகினு கீது. கண்ணு மூட முடில, ஒரே பேஜாரு. நீங்க இன்னான்னா இத்தயே தேடிகினு வந்து கீறீங்க!" என்றார். பிறகு என் காதை உற்றுப் பார்த்தார். "காது கேக்காத அம்மா கச்சேரி கேக்குது. கேக்கற ஐயா பஞ்ச அடச்சிகினு கீறாரு. நல்ல ஜோடி!" உன் அம்மா என்னவென்று கேட்டாள். வாயசைவு தெரியும்படி மெதுவாகச் சொன்னேன். மணலில் உட்கார்ந்துவிடுமளவுக்குச் சிரித்தாள். பிறகு எழுந்து வந்து சாய்ந்தாள். சிறிது நேரத்தில் கன்னியம்மாவும் அவள் பக்கத்தில் சாய்ந்துகொண்டார்.

உன் அம்மா பாடினாள். பாடற்குழுவில் பாடுவாளே, அந்தத் தாழ்ந்த இரண்டாம் குரலில். சுருதி சரியாக இருந்ததா என்று கேட்காதே. இரண்டு ஆண்டுக்குப் பிறகு பாடினாள்.

ஆகவே, சனிக்கிழமை நாங்கள் துன்பப்பட்டோம் என்று நீ வருந்த வேண்டியதில்லை. நீ செய்த ஏற்பாட்டை மீறி நன்றாகவே இருந்தோம்.

இனி, எங்களைப் பற்றி எதையும் எங்களிடம் கேள். கேட்ட பிறகு மறுத்துப் பேசு, சண்டை போடு, அதற்கு உனக்கு உரிமை உண்டு. எங்கள் தலைக்கு மேல் மூன்றாவது மனிதரோடு பேச உனக்கு உரிமை இல்லை. இன்னும் இருபது ஆண்டு கழித்து எங்களுக்குச் சக்கர நாற்காலி தேவைப்பட்டால், நானே உன்னிடம் கேட்பேன். கேட்கத் தயங்கமாட்டேன்.

கடைசியாக ஒன்று. தொலைபேசி மனிதக் குரலின் அடிப்பகுதியைப் பெரும்பாலும் வெட்டிவிடும். மேல்பகுதியைத்தான் அனுப்பும். அதாவது, உன் அம்மாவுக்கு இன்னும் கேட்கக்கூடிய பாதி டப்ளினிலேயே தங்கிவிடுகிறது; கேட்காத பாதிதான் இங்கே வந்து சேர்கிறது. உன் குரல் என் அப்பாவின் குரல், கனத்த குரல். இடப்பக்கம், அருகில் உட்கார்ந்து பேசினால் அவளுக்கு இப்போதும் கேட்கும். அடுத்த ஆண்டும் கேட்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். உறுதி சொல்ல முடியாது என்றார்.

பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை வண்டலூருக்கு அப்பால் ஒரு மைதானத்தில் அடுத்த விழா. பச்சைக் கைப்பட்டை. வெற்றிவேலே டிக்கெட் போட்டுவிட்டார். நாலு அல்ல, ஐந்து.

உன் மேல் எனக்குள்ள கோபம் குறையவில்லை. நீ வந்து நிற்கும்வரை அதைப் பத்திரமாக வைத்திருப்பேன். ஆண்டவர் உன்னை நலமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்ததும் அவளுக்கு இடப்பக்கம் நில். பாட்டு ஆரம்பித்ததும் அவள் உன் கையைப் பிடித்து எங்கே கொண்டுபோய் வைக்கிறாளோ, அங்கேயே வைத்திரு. எடுத்துவிடாதே.

இப்படிக்கு,
நின்றுகொண்டே கேட்கும்
உன் அப்பா,
அந்தோணிசாமி