பினாங்குக் கடற்கரையில் இரண்டு அறைகள்

நேற்று சென்னையில் டாக்டரிடம் கண்ணைக் காட்டிவிட்டு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். மீஞ்சூர் தாண்டியதும், எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண் கைப்பையிலிருந்து சின்னப் புட்டி ஒன்றை எடுத்து நெற்றியில் தைலம் தேய்த்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என்னால் உட்கார முடியவில்லை. "எங்க வாங்கினம்மா இத?" என்று கேட்டேன். "கடையில கெடைக்காது. மச்சான் மலேயாலேர்ந்து கொண்டாந்தாரு" என்றாள். பொன்னேரி வரும் வரை முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டே வந்தேன். நீ கண்ணை மூடி எட்டு வருஷம் ஆகிறது. உனக்கு நான் சொல்லாமல் விட்ட ஒன்றை இனியாவது எழுதிவிட வேண்டும்.

உன் தங்கை பினாங்கிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை அனுப்பும் பார்சலில் அந்தத் தைலம் இருக்கும். அதில் பாதியை எனக்குத் தருவாய். நீ கணக்கு டீச்சர், நான் தமிழ். இரண்டு பேருக்கும் ஒரே ஸ்டாஃப் ரூம், ஒரே தலைவலி. நீ கல்யாணமே செய்துகொள்ளவில்லை. நான் இருபத்து மூன்று வயதில் புருஷனைப் பறிகொடுத்து அண்ணன் வீட்டுக்கு வந்தவள். வயசான காலத்தில் நமக்கு யார் என்ற பேச்சு நம்மிடையே அடிக்கடி வரும். நான் பெருமூச்சோடு நிறுத்திக்கொள்வேன். நீதான் ஒருநாள் மத்தியான இடைவேளையில், டிபன் டப்பாவை மூடிவிட்டுப் பளிச்சென்று சொன்னாய்.

"பினாங்குக்குப் போயிடலாம்டி. தங்கச்சி ஊட்டாண்டயே எடம் பாத்துகினு ரெண்டு பேரும் இருந்துரலாம். இங்க யாரு நமக்கு அழப் போறாங்க?"

நீ பிறந்தது அங்கேதான் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அம்மா இறந்ததும், பதினோரு வயதில் அப்பாவோடு கப்பலேறி வந்தவள் நீ. கைக்குழந்தையாக இருந்த தங்கையைச் சித்தி வளர்க்கட்டும் என்று அங்கேயே விட்டுவிட்டார்கள். கடிதத்தில் மட்டுமே அவளை உனக்குத் தெரியும். நீ இதையெல்லாம் சொன்னது அறுபத்தாறாம் வருஷம்.

தங்கை உடனே பதில் எழுதினாள். மூன்று இடங்கள் சொல்லியிருந்தாள். ஒன்று ஜார்ஜ் டவுனில், மார்க்கெட்டும் மாரியம்மன் கோயிலும் நடந்து போகிற தூரம். இன்னொன்று ஆயர் ஈத்தாமில், மலையடிவாரம், குளிர்ச்சியான இடம். மூன்றாவது தஞ்சோங் பூங்கா என்ற கடற்கரையூரில். சீனக் கிழவர் ஒருவருடைய வீட்டின் பின்கட்டில் இரண்டு அறைகள். வாசலைத் திறந்தால் மணல், மணலைத் தாண்டினால் கடல்.

அடுத்த ஆறு மாதம் நாம் பேசியது வேறொன்றும் இல்லை. பழைய பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு மூன்று ஊருக்கும் மார்க் போட்டாய். ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், பஸ் எத்தனை மணிக்கு, கறிவேப்பிலை கிடைக்குமா, பக்கத்தில் தமிழ் பேசுகிறவர்கள் உண்டா. நான் கோயிலுக்காக டவுனைச் சொல்வேன். நீ கடலுக்காக தஞ்சோங் பூங்காவைச் சொல்வாய். மலையடிவாரம் இரண்டு பேருக்குமே முழங்கால் வலி என்பதால் முதலிலேயே கழிந்தது.

"கடல் சத்தத்துல எனக்குத் தூக்கம் வராது" என்றேன்.

"அப்ப பாத்துருவோம், வா" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பழவேற்காட்டுக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாய்.

ஏரியைப் படகில் தாண்டி அக்கரை மணலில் போய் உட்கார்ந்தோம். நீ செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, புடவை நனைய நனைய அலையில் நின்றாய். ஐம்பது வயதுக்காரி அப்படிக் கத்திச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் முந்தானையை விரித்துப் படுத்தேன். சொன்னால் நம்பமாட்டாய், தூங்கியே போனேன். எழுந்தபோது மீன் கூடையோடு ஒரு பெண் உன்னிடம் பேசிக்கொண்டிருந்தாள். நாம் போகப்போகிற ஊரைச் சொல்லியிருக்கிறாய்.

"கடல பாக்க இன்னாத்துக்கும்மா கப்பல் ஏறணும்? இங்க எங்க ஊட்டாண்ட ஒரு குடிச போட்டுக்கினு இருங்களேன்" என்றாள் அவள்.

"இங்க எங்களைத் தெரிஞ்சவங்க ரொம்பப் பேரு" என்று நீ சொன்னாய். அவள் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். எனக்கு அது விளையாட்டாகத் தோன்றவில்லை.

அன்று திரும்பும் பஸ்ஸிலேயே முடிவாயிற்று. தஞ்சோங் பூங்கா. தங்கையின் புருஷன் சீனக் கிழவரிடம் பேசி, அறைகளை வேறு யாருக்கும் விடாமல் பார்த்துக்கொள்வதாக எழுதினார். நமக்கு இருபத்தைந்து வருஷம் சர்வீஸ் முடிந்திருந்தது. ஓய்வு வயது வரை காத்திருக்கத் தேவையில்லை, எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். பாஸ்போர்ட் மட்டும்தான் பாக்கி.

உன்னுடையது மூன்று மாதத்தில் வந்தது. போட்டோவில் திருடியைப் போல் இருப்பதாகச் சொல்லி ஸ்டாஃப் ரூம் முழுக்கக் காட்டினாய்.

என் விண்ணப்பத்தையும் நீதான் நிரப்பிக் கொடுத்தாய். அதை வீட்டுக்கு எடுத்துப்போய் அண்ணனிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"போலீஸ்காரன் நம்ம ஊட்டு வாசல்ல வந்து நின்னு விசாரிப்பான், தெரியுமா? தாலியறுத்தவ கப்பல் ஏறி ஓடிட்டான்னு ஊரு பேசும். நான் தெருவுல தல காட்ட வாணாமா? இத்தினி வருசம் இந்த ஊட்ல உனக்கு இன்னா கொற வெச்சேன்?"

குறை ஒன்றும் வைக்கவில்லைதான். முப்பது வருஷமாக எனக்கு ஒரு மூலை கொடுத்தவர். ஆனால் முழுப் பழியையும் அவர் மேல் போட்டால் அது இன்னொரு பொய். அவர் வேண்டாமென்றதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. தெரியாத ஊர், தெரியாத பாஷை, கப்பல். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. விண்ணப்பத்தைப் பெட்டியின் அடியில் வைத்தேன்.

மறுநாள் நீ கேட்டாய். "அனுப்பிட்டியாடி?"

"அனுப்பிட்டேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. உன் முகத்தைப் பார்த்து வேறு எதுவும் சொல்ல வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு நீ வாரா வாரம் கேட்டாய். நான் வாரா வாரம் ஒன்று சொன்னேன். போலீஸ் விசாரணை தாமதம் என்றேன். பெயரில் எழுத்துப் பிழை, திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றேன். கடைசியில், வந்துவிட்டது, அண்ணன் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார், கொஞ்சம் பொறு என்றேன்.

"நீ முன்னாடி போயேன். நான் பின்னாலயே வரேன்" என்றும் சொல்லிப் பார்த்தேன்.

"தனியா போயி யாரோட சண்ட போடறது? நீ வராம நான் ஏற மாட்டேன்" என்றாய்.

இரண்டு வருஷம் போயிற்று. அந்த இரண்டு வருஷமும் சீனக் கிழவரின் அறைகள் காலியாக இருந்தன.

பிறகு தங்கையின் கடிதம் வந்தது. அந்த நாட்டுக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு இனி வேலை பார்க்க பர்மிட் வேண்டுமாம். அவள் புருஷனுக்குக் கிடைக்கவில்லை. குடும்பத்தோடு இந்தியாவுக்கு வருகிறார்கள். "அக்கா, எங்களுக்கு உன்னைத் தவிர அங்கே யாரையும் தெரியாது" என்று எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தை நீ ஸ்டாஃப் ரூமில் இரண்டு தடவை படித்தாய். மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, மணி அடிக்கவும் வகுப்புக்குப் போனாய்.

சென்னைத் துறைமுகத்துக்கு நானும் உன்னோடு வந்தேன். நாம் ஏறியிருக்க வேண்டிய கப்பலை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். தகரப் பெட்டிகளும் தையல் மெஷினுமாகக் கும்பல் இறங்கிக்கொண்டே இருந்தது. உன் தங்கையை நீ முகஜாடையில் கண்டுபிடித்தாய். நாற்பது வருஷத்துக்கும் மேல் கழித்து அவளைக் கட்டிப் பிடித்தாய். அவள் அழுதாள், நீ அழவில்லை. அவள் தோளுக்கு மேலே கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஒரு கூடமும் அடுப்படியுமான உன் வீட்டில் அதற்குப் பிறகு ஆறு பேர். நீ அடுப்படியில் படுத்தாய். தங்கையின் புருஷன் வேலை தேடி கும்மிடிப்பூண்டி பக்கம் தினமும் போய் வந்தார், எதுவும் அமையவில்லை. நீ என்னிடம் குறை சொன்னதே இல்லை. ஒரே ஒருமுறை, பிளாட்பாரத்தில் ரயிலுக்கு நிற்கும்போது, "ரெண்டு வருசமாவது இருந்துட்டு வந்திருக்கலாம்டி" என்றாய். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ரயிலும் வந்தது.

எழுபதில், ஓய்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது உனக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரிக்கு முதல் நாள் மாலையே வந்தேன். மூச்சு வாங்க வாங்கப் பேசினாய். பள்ளிக்கூடத்துப் பேச்சு, பரீட்சைத் தாள் பேச்சு. கிளம்பும்போது என் கையைப் பிடித்தாய்.

"நாளைக்கி வரும்போது அண்ணன் பீரோலேர்ந்து உன் பாஸ்போர்ட்ட எடுத்துக்கினு வாடி. என் மூஞ்சியப் பாத்து எல்லாரும் சிரிச்சீங்க இல்ல? உன்னுது எப்பிடிக் கீதுன்னு நான் பாக்க வாணாம்?"

"கொண்டாறேன்" என்றேன்.

மறுநாள் நான் வரவில்லை. காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. பள்ளியில் வேலை என்று சொல்லி அனுப்பினேன். அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் உன் தங்கை எங்கள் வாசலில் வந்து நின்றாள். அவள் வாயைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு அவள் சொன்னாள், "ரெண்டு நாளும் நல்ல நெனப்போடதான் இருந்தாங்க. வார்டு கதவையே பாத்துக்கினு கெடந்தாங்க. யாராவது உள்ள வந்தா, வந்துட்டாளான்னு கேட்டாங்க."

நீ எதிர்பார்த்தது யாரை என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என்னிடம் மிஞ்சியிருப்பவை அந்த இரண்டு நாட்கள்தான். பள்ளியில் எனக்கு எந்த வேலையும் இருக்கவில்லை. நான்கு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். முதல் நாள் அரிசி புடைத்தேன். இரண்டாம் நாள் துணி மடித்தேன். ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் முடியட்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.