நடன மண்டபத்தின் நடுச்சுவர்

மில்லிக்கன்,
மே 4

என் செல்ல மகள் நிலக்சிக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இங்கு சுகம். உன்னை நினைத்துத்தான் மனம் கிடந்து அடிக்கிறது. ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனை எடுத்தால் அம்மா பக்கத்தில் வந்து குந்திவிடுவாள்.

நீ கட்டடப் பராமரிப்பு வேலை செய்யும் அந்த இங்கிலாந்து மாளிகையின் படங்களைப் பெருப்பித்துப் பார்த்தேன். அடேயப்பா, முந்நூறு வருசத்துச் சுண்ணாம்புக் கூரை, அதில் எத்தனை திராட்சைக் குலைச் சிற்பங்கள்! ஆனால் என் கண் அங்கே நிற்கவில்லை. சனம் ஆட இடம் வேண்டும் என்று எவனோ ஒரு துரை கீழே நடுச்சுவரை இடித்திருக்கிறான். மேல் உத்தரத்தைத் தாங்கியதே அதுதான். இப்போது உத்தரம் இரண்டு அங்குலம் தொய்ந்துவிட்டது, வருசா வருசம் கூடுகிறது என்கிறாய். உன் மேலாளர் றொனால்ட், இவ்வளவு காலம் நின்றது இனியா விழப்போகிறது என்று, ஜூன் மாதக் கலியாணங்களுக்கு மண்டபம் பாதுகாப்பானது என உன்னைக் கையெழுத்து வைக்கச் சொல்கிறார். "அப்பா, நீங்கள் முப்பது வருசம் வீடு கட்டின ஆள், நான் என்ன செய்யிறது?" என்று கேட்டிருந்தாய்.

அந்தக் கேள்வி என்னைச் சுட்டுவிட்டது.

பத்து வருசத்துக்கு முன் இங்கே பக்கத்து ஊர் அஜக்ஸில் ஒரு வீட்டின் நிலக்கீழ் பேஸ்மென்ற்றில் வேலை செய்தேன். மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டை அங்கேயே வைக்க இருந்தார்கள். நடுவில் நின்ற தூண் மணவறையை மறைக்குது என்று வீடியோக்காரர் முகம் சுளித்தாராம். "ஒரு நாளைக்குத்தானே அண்ணை, கழட்டி விடுங்கோ" என்றார்கள். எங்கள் சனம் என்று முகத்துக்கு அஞ்சிக் கழற்றினேன். விழா நல்லபடியாக முடிந்தது. மறுநாள் தூணைத் திருப்பி நிறுத்தப் போனபோது உத்தரம் முறிந்து, எனக்கு உதவிக்கு வந்த உன் சண்முகநாதன் மாமாவின் காலில் விழுந்தது.

மாமா ஏணியால் விழுந்தார் என்றது பொய், பிள்ளை. என்னைக் காப்பாற்ற அந்த மனுசன் சொன்ன பொய். தன் தம்பி கெந்திக் கெந்தி நடக்கும்போதெல்லாம் அம்மா அந்த ஏணியைத் திட்டுவாள். நான் கல்லுப்பிள்ளையார் மாதிரிப் பக்கத்தில் இருப்பேன். வெட்கம் கெட்ட சீவியம்.

நீ கையெழுத்து வைக்காதே. அளந்ததை அளந்தபடி எழுதிக் கொடு. றொனால்ட் கத்தினால் கத்தட்டும். வேலை போனால் இங்கே வா, உனக்குச் சோறு போட நாங்கள் இருக்கிறோம்.

அம்மாவுக்கு மறைத்துத்தான் இதை எழுதத் தொடங்கினேன். எழுதி முடிக்க மனம் மாறிவிட்டது. கடித உறையை ஒட்டுவதற்கு முதல் அவளிடம் வாசிக்கக் கொடுக்கப் போகிறேன். குசினியில்தான் சமைத்துக்கொண்டு நிற்கிறாள். அப்பாவுக்காக ஒருக்கால் கும்பிட்டுக்கொள், மகள்.

இவ்வளவு நாளும் வாய் திறக்காத உன் அப்பா,
பத்மநாதன்