நூலால் அறுத்த களி

பாதுவா

அன்புள்ள அப்பா, உங்கள் முதுகுவலி குறைந்ததா? நான் நலம், பள்ளிக்கூடம் பழகிவிட்டது. இங்கே நடப்பதை வீட்டுக்குச் சொல்லாதே என்று சித்தி சொன்னதால் ஒளித்து எழுதுகிறேன்.

அவர் மகன் மத்தேய்க்குக் கோதுமை ஆகாது. மற்றதையும் குழைவாகக் கொடுத்தால் துப்புகிறான். எடை இன்னும் குறைந்தால் உணவு செலுத்த மூக்கில் குழாய் போடுவார்களாம். எனக்குப் பயம்.

இன்று சோளக்களியைப் பலகையில் கவிழ்த்து இறுக விட்டேன். நம் வீட்டில் செய்வதைப் போல அறுக்க, நூலை அவனிடமே கொடுத்தேன்.

"சாப்பாட்டுல என்னடி விளையாட்டு?" என்றார் சித்தி.

"தொட்டுப் பழகட்டும் சித்தி."

அறுத்தான், முகர்ந்தான், ஓரத்தைக் கடித்தான். துப்பவில்லை.

"இன்னொண்ணு அறுக்கவா, அக்கா?"

சித்தி திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

நாளை முழுத்துண்டு. நான் விடமாட்டேன்.

நம் அடுப்படி ஆணியில் தொங்கும் நூலை அனுப்புங்கள். இங்குள்ள நூலும் நன்றாகத்தான் அறுக்கிறது, ஆனாலும் அனுப்புங்கள்.

சித்தி எழுந்துவிட்டார்.

உங்கள் இலிங்கா